ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஏன் திரும்பி வருகிறார்?

துப்பறியும் கதை என்றதும் இலக்கிய ஆர்வலர் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். பஸ் பயணத்தில் படித்துவிட்டு, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகும் சரக்கு என்பது அவர்களுடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால், அக்கதைகளுக்குள்ளே திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஒரு மனிதரைப் பற்றி நாம் ஆற அமர யோசித்ததில்லை. உத்தியோகத்தை விட்டு ஓய்வுபெற்று, நகரத்து இரைச்சலுக்கு அப்பால், தோட்டமும் துரவுமாக இருக்கப் போனவர் அவர். பழைய வழக்கு ஒன்றோ, பக்கத்து வீட்டுக் கொலை ஒன்றோ அவரைத் தேடி வந்து படலையைத் தட்டுகிறது. அவரும் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுப் புறப்பட்டு விடுகிறார்.

ஆங்கிலத் துப்பறியும் இலக்கியத்தின் பெரிய பெயர்கள் சில இந்த வரிசையில் நிற்பவைதான். ஆர்தர் கொனன் டொயிலின் ஷேர்லொக் ஹோம்ஸ் சசெக்ஸ் குன்றுப் பக்கம் போய்த் தேனீ வளர்த்தார். 1917இல் வெளிவந்த கதையொன்றில் முதலாவது உலகப் போரின் வாசலில் அவர் மறுபடி அழைக்கப்படுகிறார். 1926இல் வெளிவந்த இன்னொன்றில், ஓய்வில் இருக்கும்போதே கடற்கரையில் நேர்ந்த ஒரு மரணத்தின் காரணத்தைத் தேடுகிறார். அதே 1926இல் அகதா கிறிஸ்ரி எழுதிய புகழ்பெற்ற நாவலில், பொய்ரோ ஒரு கிராமத்தில் பூசணி இனக் காய்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார். அயலில் ரோஜர் அக்ரொயிட் கொல்லப்பட்டதும் தோட்ட வேலை நின்றுபோகிறது. இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. 1868இல் வில்கி கொலின்ஸ் படைத்த சார்ஜன்ற் கஃப். அவர் வளர்த்தது ரோசா.

இதனை எழுத்தாளருக்கு வசதியான ஓர் உத்தி என்று தள்ளிவிடலாம். ஆனால், இந்தப் பாத்திரத்தின் வேரைத் தேடிப் போனால் கற்பனை முடிந்து, உண்மையான ஒரு மனிதரும், உண்மையான ஒரு குழந்தையின் கொலையும் எதிர்ப்படுகின்றன. ஓய்வுபெற்றவரைத் திருப்பி இழுத்து வருவது எது என்ற கேள்விக்கு விடையும் அங்கேதான் கிடக்கிறது. இன்று அந்த வேரிலிருந்து தொடங்குவோம், நேயர்களே.

ரோட் கிராமத்து வீடு

ஜொனதன் விச்சர் 1814இல் லண்டனில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1837இல் லண்டன் மாநகரப் பொலிஸில் சேர்ந்தார். 1842இல் ஸ்கொட்லண்ட் யார்ட்டில் துப்பறியும் பிரிவு முதன்முதலாக அமைக்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற எட்டுப் பேரில் அவரும் ஒருவர். 1850இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் இத்துப்பறிவாளர்களை அழைத்துப் பேசித் தம் சஞ்சிகையில் அவர்களைப் பற்றி எழுதினார். விச்சரும் சற்றே மாற்றிய பெயரோடு அதில் வருகிறார். சீருடையின்றித் திரியும் பொலிஸ்காரர் என்பது அந்நாளைய ஆங்கிலேயருக்குப் புதுமை. ஆச்சரியத்தோடு பார்த்தார்கள், கொஞ்சம் அருவருப்போடும் பார்த்தார்கள்.

1860ஆம் ஆண்டு யூன் 29ஆம் திகதி இரவு, ரோட் என்னும் கிராமத்தில் ரோட் ஹில் இல்லம் எனப்பட்ட பெரிய வீட்டிலிருந்து நான்கு வயது நிரம்பாத ஆண் குழந்தை ஒன்று காணாமற் போயிற்று. மறுநாட் காலை, வீட்டு வளவுக்குள் இருந்த மலகூடத்தில் அக்குழந்தை கழுத்து வெட்டப்பட்ட நிலையில் கிடந்தது. தகப்பனார் சாமுவேல் கென்ற், தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அரசாங்க உத்தியோகத்தர். வீடு உள்ளிருந்து பூட்டப்பட்டிருந்தது. வரவேற்பறை யன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. வெளியார் வந்ததற்கு வேறு தடயமில்லை. ஆகவே செய்தவர் வீட்டுக்குள் இருந்தவர் என்ற முடிவைத் தவிர்க்க முடியவில்லை. அந்த முடிவைத்தான் ஊர் தாங்கவில்லை.

உள்ளூர்ப் பொலிஸார் முதலில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணைச் சந்தேகித்தார்கள். பெரிய வீட்டில் பிழை நடந்தால் வேலைக்காரரைப் பிடிப்பது எந்த நாட்டிலும் உள்ள வழக்கந்தானே. இரண்டு கிழமை கழித்து லண்டனிலிருந்து வந்த விச்சர் வேறு இடத்தைப் பார்த்தார். அவர் பார்த்தது ஒரு சலவைக் கணக்கு. அந்த வீட்டின் பதினாறு வயது மகள் கொன்ஸ்ரன்ஸ், முதல் மனைவியின் பிள்ளை. இறந்த குழந்தை இரண்டாந் தாரத்துப் பிள்ளை. கொன்ஸ்ரன்ஸுக்கு மூன்று இரவு உடுப்புகள் இருந்திருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. மூன்றாவதைச் சலவைக்காரி தொலைத்துவிட்டாள் என்று சொல்லப்பட்டது. சலவைக்காரி மறுத்தாள். இரத்தக்கறை படிந்த உடுப்பை அழித்துவிட்டுப் பழியைச் சலவைக்காரிமேல் போட்டிருக்கிறார்கள் என்பது விச்சரின் அனுமானம்.

அவர் கொன்ஸ்ரன்ஸைக் கைது செய்தார். ஆனால் காணாமற்போன உடுப்பு கிடைக்கவில்லை. அவர் வருவதற்கு முன்னரே உள்ளூர்ப் பொலிஸார் குசினி அடுப்பொன்றுக்குள் இரத்தம் படிந்த பெண் உள்ளுடை ஒன்றைக் கண்டெடுத்து, பின்னர் கைநழுவ விட்டு, அவருக்குச் சொல்லாமலே மறைத்திருந்தார்கள். கைதுசெய்யப்பட்ட மகள் சுமார் ஒரு கிழமையில் விடுவிக்கப்பட்டாள். அதற்குப் பின்னர் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் விச்சர்தான் என்று சொல்ல வேண்டும். கண்ணியமான குடும்பத்துப் பெண்பிள்ளையின் உடுப்புக் கணக்கைத் தோட்டக்காரரின் மகன் ஒருவன் துருவுவதா என்று பத்திரிகைகள் சீறின. பாராளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. மனித மனத்தை ஆழம் பார்த்த டிக்கன்ஸே தகப்பனையும் பணிப்பெண்ணையும் சந்தேகித்தார். விச்சரின் கருத்தை ஏற்கவில்லை. மனமும் உடலும் தளர்ந்த விச்சர் 1864இல் மருத்துவக் காரணத்தின் பேரில் ஓய்வுபெற்றார்.

அடுத்த ஆண்டு, 1865 ஏப்ரிலில், கொன்ஸ்ரன்ஸ் தானாகவே லண்டன் நீதவான் ஒருவர்முன் போய் நின்று, குழந்தையைக் கொன்றது தானே என்றாள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுட் சிறையாகக் குறைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் சிறையிலிருந்து 1885இல் விடுதலையானாள். பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் போய், வேறு பெயரில் தாதியாகப் பணியாற்றி, 1944இல் நூறு வயதில் இறந்தாள். விச்சர் சொன்னது சரியென்று உலகம் அறிந்தபோது, அவர் உத்தியோகத்தில் இல்லை.

நிலாக்கல்

கொன்ஸ்ரன்ஸின் வாக்குமூலம் வெளிவந்து மூன்று ஆண்டுகளின் பின்னர், டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையிலேயே வில்கி கொலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' தொடராக வெளிவந்தது. தமிழில் நிலாக்கல் எனலாம். 1868 யனவரியில் தொடங்கி ஓகஸ்டில் முடிந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முதலாவதாகவும் மிகச் சிறந்ததாகவும் இதனையே கவிஞர் ரி. எஸ். எலியட் மதித்தார்.

கதை இதுதான். ரேச்சல் வெரின்டர் என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பதினெட்டாவது பிறந்தநாளில் இந்திய வைரம் ஒன்று கிடைக்கிறது. அன்றிரவே அது காணாமற் போகிறது. உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி தடுமாறுகிறார். லண்டனிலிருந்து சார்ஜன்ற் கஃப் வருகிறார். கதவில் புதிதாகப் பூசிய வண்ணம் ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது. ஆகவே வண்ணக்கறை படிந்த இரவு உடுப்பு ஒன்று இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்கிறார். சலவைக் கணக்கைக் கேட்கிறார். வீட்டு மகளையே சந்தேகிக்கிறார். வீடு அவரை வெளியே அனுப்பிவிடுகிறது. ரோட் கிராமத்து இரத்தக்கறை இங்கே வண்ணக்கறையாகியிருக்கிறது; மற்றவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அன்றைய வாசகர் எவருக்கும் இது விளங்காமல் இருந்திராது.

ஆனால் கொலின்ஸ் ஒரு முக்கியமான இடத்தில் கதையைத் திருப்பிப் போட்டார். விச்சர் சொன்னது சரி. அவரால் நிரூபிக்க முடியவில்லை. கஃப் சொன்னதோ பிழை. ரேச்சல் வைரத்தை ஒளிக்கவில்லை. அவளை மணக்க விரும்பிய பிராங்ளின் பிளேக், தமக்குத் தெரியாமலே கொடுக்கப்பட்ட அபினின் மயக்கத்தில், நித்திரையில் நடந்துபோய் அதை எடுத்திருக்கிறார். அதைக் கண்ணால் கண்ட ரேச்சல் காதலின் பொருட்டு வாய்மூடி இருந்திருக்கிறாள். கஃப்பின் கூர்மையான மூளை எல்லாத் தடயங்களையும் சரியாகக் கோத்து, தவறான கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டது.

கஃப் ஓய்வுபெற்று டோர்க்கிங் என்னும் சிற்றூரில் ரோசா வளர்க்கப் போகிறார். வேலைக்கு வந்த வீட்டிலேயே, ரோசாச் செடியை ஒட்டுக் கட்டுவது எப்படி என்று தோட்டக்காரரோடு மல்லுக்கட்டியவர் அவர். ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின்னர் அவர் திரும்பி வருகிறார். பணத்துக்காகவோ புகழுக்காகவோ வரவில்லை. தம் கணிப்பு பிழைத்ததை ஒப்புக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்குத் தாம் பட்ட கடனைத் தீர்க்க வருகிறார். இம்முறை தாம் சந்தேகிக்கும் ஆளின் பெயரை எழுதி, உறையில் இட்டு ஒட்டி, பிளேக்கிடம் கொடுத்து வைக்கிறார். உண்மை தெரிந்த பிறகு திறந்து பாருங்கள் என்பது ஏற்பாடு. லண்டன் துறைமுகப் பக்கத்து விடுதி ஒன்றில், மாலுமி வேடத்தில் இருந்த ஒருவன் மூச்சுத்திணறடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கஃப் அவனுடைய பொய்த்தாடியை அகற்றி, முகத்துச் சாயத்தைக் கழுவுகிறார். உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் அவன் பெயரே. தரும காரியங்களில் முன்னின்ற கனவான், கொட்ஃப்றி ஏபிள்வைற்.

இங்கே கவனிக்க வேண்டியது, திரும்பி வந்த கஃப் எதைக் கொண்டுவந்தார் என்பதுதான். தண்டனையை அவர் கொண்டுவரவில்லை. கொன்றவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர் கொண்டுவந்தது ஒரு பெயர்; பிழையாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் விடுதலை. முதல் வருகையில் அவரிடம் இருந்தது திறமை மட்டுமே. இரண்டாம் வருகையில் அதனோடு மனச்சாட்சியும் கூட வந்தது.

விசாரிக்கப்படாத கொலைகள்

நாவலின் தொடக்கத்தை நாம் இன்னும் தொடவில்லை. அதுதான் நம்மை மிக நெருங்கி வருவது. 1799 மே 4ஆம் திகதி சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் அன்றே களத்தில் மாண்டார். கோட்டைக்குள் கொள்ளை நடந்தது என்பது வரலாறு. நாவல் அந்த இரவில் தொடங்குகிறது. ஹேர்ன்காசில் என்ற ஆங்கிலப் படை அதிகாரி களஞ்சிய அறையில் கையில் குத்துவாளோடு நிற்கிறான். காவலிருந்த இந்தியர்கள் வெட்டுண்டு கிடக்கிறார்கள். சோமநாதபுரத்துச் சந்திரக் கடவுளுக்கு உரியதாகச் சொல்லப்படும் வைரம் அவன் கைக்குப் போய்விடுகிறது. அவனுடைய மைத்துனன் அதனைக் கண்டும், கொலை நடந்த கணத்தைக் கண்ணால் காணாததால் சட்டத்தின்முன் நிரூபிக்க இயலாதென்று, குடும்பத்துக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான்.

ஆக, இங்கிலாந்தின் முதற்பெருந் துப்பறியும் நாவலுக்கு அத்திவாரமாகக் கிடப்பவை, எவரும் துப்பறியாத கொலைகள். யோர்க்ஷயர் மாளிகையில் ஒரு கல் காணாமற் போனால் லண்டனிலிருந்து சார்ஜன்ற் வருகிறார், சலவைக் கணக்கு எடுக்கப்படுகிறது, வேலைக்காரரின் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. சீரங்கப்பட்டணத்தில் கொலையுண்ட காவலாளிகளுக்கு விசாரணையும் இல்லை, பெயரும் இல்லை. கொலின்ஸ் இதனைத் தெரிந்தே செய்தார் என்று கொள்ள இடமுண்டு. நாவலின் முடிவில் வைரம் இங்கிலாந்துக்கு மீளவில்லை. மூன்று பிராமணர்கள் தலைமுறை கடந்து காத்திருந்து அதை மீட்டுக்கொண்டு போகிறார்கள். கத்தியவாரில் தெய்வத்தின் நெற்றியில் அது மீண்டும் ஒளிர்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பதினொரு வருடங்களின் பின்னர், இந்தியர்மேல் இங்கிலாந்தில் வெறுப்பு ஆறாதிருந்த காலத்தில் இப்படி ஒரு முடிவை எழுதத் துணிவு வேண்டும். கதையின் காலமும் கவனிக்கத்தக்கது. வைரத்தின் மர்மம் நாவலில் அவிழும் 1849ஆம் ஆண்டில்தான், பஞ்சாப்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கோகினூர் வைரத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். தம் நாவலுக்குத் தூண்டுதலான கற்களுள் ஒன்றாகக் கோகினூரைக் கொலின்ஸே முன்னுரையில் குறிப்பிடுகிறார்.

கடலில் தொலைந்த மகன்

கஃப் நாவலில் திரும்பி வந்தார். உண்மையான விச்சர் திரும்பி வந்தாரா? வந்தார். அதுவும் மகனைத் தொலைத்த ஒரு தாயின் வழக்குக்கு.

ரிச்போர்ன் என்னும் பிரபு குடும்பத்தின் வாரிசான ரோஜர், 1854இல் தென்னமெரிக்கக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பலோடு கடலில் தொலைந்தார். உடல் கிடைக்கவில்லை. தாய் நம்பவில்லை. தன் பிள்ளை எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். அவுஸ்திரேலியப் பத்திரிகைகள்வரை விளம்பரம் போயிற்று. அங்கே வாகா வாகா என்ற ஊரில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவன், நானே ரோஜர் என்று சொல்லிக்கொண்டு 1866 நத்தாருக்கு லண்டனுக்கு வந்து சேர்ந்தான். தோற்றத்தில் ரோஜருக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ரோஜரின் தாய்மொழி போலிருந்த பிரெஞ்சும் அவனுக்கு வராது. இருந்தும் தாய் அவனைத் தன் மகனென்றே ஏற்றுக்கொண்டார்.

மற்றை உறவினர்கள் ஓய்வுபெற்றிருந்த விச்சரை அழைத்தார்கள். அவர் செய்தது பெரிய வித்தையல்ல. லண்டனுக்கு வந்திறங்கிய முதல்நாள் மாலை அந்த மனிதன் எங்கே போனான் என்று கேட்டார். துறைமுகத்தை அண்டிய வொப்பிங் பகுதிக்குப் போய், ஓர்ட்டன் என்ற இறைச்சிக்கடைக் குடும்பத்தைப் பற்றி விசாரித்திருக்கிறான் என்பது தெரியவந்தது. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு வொப்பிங் இறைச்சிக்கடையில் என்ன அலுவல்? அந்த ஒரு நூலைப் பிடித்துப் போனதில், வந்தவன் ஆதர் ஓர்ட்டன் என்ற முடிவுக்கு வழி திறந்தது. நெடிய வழக்குகளின் பின்னர் 1874இல் அவனுக்குப் பதினான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது. விச்சர் 1881இல் காலமானார்.

அந்தத் தாயைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். வன்னியில் இருப்பவர் எவரும் சிரிக்கமாட்டார். விடை தெரியாத இடத்தில் மனம் வெறுமையாக இருப்பதில்லை. கிடைத்த பொய்யைப் பற்றிக்கொள்கிறது. உங்கள் பிள்ளையை இன்ன முகாமில் கண்டேன் என்று சொல்லிப் பெற்றோரிடம் காசு பறித்தவர்களின் கதை நம் ஊர்களிலும் உண்டு. உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் ஓர்ட்டன்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். துப்பறிபவரின் தொழில் குற்றவாளியைப் பிடிப்பது மட்டுமன்று என்பதை விச்சரின் இரண்டாம் வருகை காட்டுகிறது. துயரப்பட்டவரைப் பொய்யிலிருந்து காப்பதும் அவர் கடன்.

2008இல் கேற் சமர்ஸ்கேல் என்ற எழுத்தாளர் விச்சரின் வரலாற்றை விரிவாக எழுதினார். 2011 முதல் 2014 வரை அவரை நாயகராக்கிப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் நாடகங்களும் வந்தன. பிற்பட்ட நாடகங்கள், பதவியிழந்த விச்சர் புதிய கொலை வழக்குகளுக்குள் இழுக்கப்படுவதாகப் புனைந்தவை. நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரும் அவரை ஓய்வாக இருக்க விட மனமில்லை போலும்.

கொழும்பில் ஒரு வழக்கு

நம் நாட்டில் இதற்குக் கிட்ட நிற்கும் வழக்கு எது என்று கேட்டால், சதாசிவம் வழக்கைச் சொல்ல வேண்டும். மகாதேவ சதாசிவம் இலங்கைத் துடுப்பாட்ட வரலாற்றில் ஒப்பற்ற பெயர். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 1951 ஒக்ரோபர் 9ஆம் திகதி அவருடைய மனைவி பம்பலப்பிட்டியில் உள்ள வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். வீட்டு வேலையாள் தலைமறைவாகிப் பின்னர் பிடிபட்டார். அவருக்கு நிபந்தனையோடு மன்னிப்பு வழங்கி, அரச தரப்புச் சாட்சியாக்கி, கணவர்மேல் கொலை வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் தொங்கியது. அந்தப் பெண்ணின் உயிர் எத்தனை மணிக்குப் பிரிந்தது? கணவர் வீட்டில் இருந்த நேரத்திலா, போன பின்னரா? இலங்கைப் பல்கலைக்கழகத்துச் சட்டவைத்தியப் பேராசிரியர் டி சேரம் உடல் வெப்பநிலையைக் கொண்டு கணித்துச் சொன்னது, அரச தரப்பின் கதையோடு ஒத்துப்போகவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. அத்தரப்பின் சார்பில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலிருந்து சேர் சிட்னி சிமித் அழைக்கப்பட்டார். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்தவர், அவ்வாண்டோடு பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர், உலகின் பல பாகங்களிலும் கொலை வழக்குகளுக்குச் சாட்சி சொன்னவர். இன்னொரு பொருத்தமும் உண்டு. ஹோம்ஸின் பாத்திரத்துக்கு மாதிரியாயிருந்த வைத்தியர் ஜோசப் பெல் கற்பித்ததும், கொனன் டொயில் மருத்துவம் படித்ததும் அதே எடின்பரோவில்தான். ஹோம்ஸ் கதையொன்றில் திருகோணமலையில் நடந்த ஒரு துயரச் சம்பவத்தை அவர் துலக்கியதாகப் போகிறபோக்கில் ஒரு குறிப்பு வரும். கற்பனைத் துப்பறிவாளரின் பெயரளவில் மட்டும் வந்த நம் தீவுக்கு, எடின்பரோ மரபின் உண்மையான நிபுணர் ஒருவர் இவ்வாறு வந்து சேர்ந்தார்.

1953 யூனில் சதாசிவம் குற்றமற்றவரென விடுதலையானார். 1959இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் சிமித் இவ்வழக்கைப் பற்றியும் எழுதினார். ரோட் கிராமத்தையும் பம்பலப்பிட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பழி பணிப்பெண்ணில் தொடங்கியது. தடயம் எசமானின் மகளைக் காட்டியது. இங்கே பழி எசமான்மேல் விழுந்தது. அறிவியல் அதனைத் தாங்க மறுத்தது. இரண்டிலும் ஓர் அறிவாளி, தம்மிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் சொல்லாமல் தாம் கண்டதைச் சொன்னார். விச்சர் அதற்கு விலை கொடுத்தார். டி சேரமோ அரசின் எதிர்பார்ப்புக்கு எதிராக நின்று சாட்சி சொன்னார். ஆனால் ஒன்று மிஞ்சுகிறது. விடுதலைத் தீர்ப்பு, இவர் செய்யவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் பெண்ணின் சாவுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கோவை மூடப்பட்டது, கேள்வி மூடப்படவில்லை.

நம்முடைய வாசிப்பு

தமிழில் துப்பறியும் கதை புதிதன்று. 1894இலேயே பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்னும் பொலிஸ் நிபுணரைப் படைத்துவிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு என்று வரிசை நீண்டது. இவர்களில் பலர் ஆங்கில நாவல்களுக்கு வேட்டி கட்டி அழைத்து வந்தவர்கள். புதிரும் வேடமும் இரகசிய அறையும் வந்தன. கஃப்பின் உறையும், பிழை திருத்த வரும் மனமும் அதே அளவில் வரவில்லை. குற்றவாளியைப் பிடித்ததும் கதை முடிந்துவிடும். பிழையாகப் பிடிபட்டவர் என்னவானார் என்று கேட்பாரில்லை.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் மல்லாவியும் ஒரு நகரத்தின் சனத்தைத் தாங்கின. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள்; குப்பி விளக்கில்தான் படித்தார்கள். அந்தக் காலத்தில் அட்டை கிழிந்து, கடைசித் தாள் இல்லாமற் கை மாறிய துப்பறியும் நாவல்கள் ஏராளம். கொலைகாரர் யாரென்று அறியாமலே படித்து முடிப்பது எப்படிப்பட்ட வேதனை என்பது அந்த வாசகருக்குத் தெரியும். அது ஒரு புத்தகத்தில் நேர்ந்தால் நாலு நாளில் மறந்துபோகும். ஒரு வீட்டில் நேர்ந்தால்?

2009இல் போர் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. விடை கேட்டுக்கொண்டிருந்த தாய் தகப்பன்மாரில் பலர் விடை கிடைக்காமலே கண்மூடினார்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அந்தத் தாய்மார் கேட்டது, நாவலின் கடைசித் தாளை. என் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் செய்தது, எங்கே? ஒவ்வொரு துப்பறியும் கதையும் இந்த மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் முடிகிறது. விடை சொல்லாமல் முடிக்கும் எழுத்தாளரை வாசகர் மன்னிப்பதில்லை. அதே கண்டிப்பை நாம் ஆட்சியிடமும் நீதிமன்றத்திடமும் எதிர்பார்ப்பதில் என்ன பிழை?

ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஏன் திரும்பி வருகிறார் என்று கேட்டோம். கோவையை மூடுவது வேறு, கேள்விக்கு விடை சொல்வது வேறு என்று அறிந்தவர் அவர். ஆகையால் ரோசாவும் தேனீயும் அவரைக் கட்டிவைக்க முடிவதில்லை. அந்த அறிவை வாசகருக்குள் ஊட்டுகிற கதை, எந்த அட்டையோடு வந்தாலும், எந்தக் கடையில் தொங்கினாலும், இலக்கியத்தின் வேலையைத்தான் செய்கிறது. நிலாக்கல் அப்படி ஒரு நூல். கிடைத்தால் படியுங்கள். சார்ஜன்ற் கஃப் வரும் பக்கங்களை விறுவிறுப்புக்காகப் படியுங்கள். சீரங்கப்பட்டணத்துக் காவலாளிகள் கிடக்கும் முதற் பக்கங்களை மட்டும் அவசரமில்லாமல், ஒருதரம் கூடப் படியுங்கள். அவர்களுக்காக இன்னும் எந்தத் துப்பறிவாளரும் புறப்படவில்லை.